மந்தம் வந்தால் வரியைக் குறை என்கிறது பாடம். 2022இல் ஏன் கூட்டினார்கள்?

தம்பி, நீங்கள் உப்புவெளியில் பலசரக்குக் கடை நடத்துகிறீர்கள், மகள் உயர்தரத்தில் பொருளியல் எடுத்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பொருளாதாரம் சரியும்போது அரசாங்கம் வரியைக் குறைக்க வேண்டும், செலவைக் கூட்ட வேண்டும், மத்திய வங்கி வட்டியை இறக்க வேண்டும் என்று அவளுடைய பாடக்குறிப்பில் இருக்கிறது. 2022இல் இங்கே இலங்கையில் நடந்தது மூன்றுமே தலைகீழ். "பாடம் பிழையா, அரசாங்கம் பிழையா?" என்று பிள்ளை கேட்டதற்கு என்ன சொல்வது என்கிறீர்கள். கூடவே உங்கள் சொந்தக் கேள்வி ஒன்று: பணவீக்கம் 70இலிருந்து 1க்கு வந்துவிட்டது என்கிறார்களே, சீனியும் பருப்பும் பழைய விலைக்கு ஏன் வரவில்லை? பார்வைக்கு இரண்டு கேள்வி, அடியில் ஒன்றுதான். நமக்கு வந்த சரிவு எந்த வகையைச் சேர்ந்தது என்பதே அது. அது பிடிபட்டால் மற்ற இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

நான் பேராசிரியன் இல்லை. திருகோணமலையில் ஒரு வங்கியின் இறக்குமதிப் பகுதியில் பல வருடம் இருந்தவன். வியாபாரிகளுக்கு எல்சி (சாமான் அனுப்புகிறவருக்குக் காசு நிச்சயம் என்று வங்கி கொடுக்கும் கடிதம்) திறப்பதும் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காசை வரவு வைப்பதும் என் மேசை வேலை. ஆகவே டொலர் வருகிற வழி, போகிற வழி பற்றி உறுதியாகப் பேசுவேன். வட்டியை இவ்வளவு கூட்டியிருக்க வேண்டுமா என்பது போன்ற இடங்களில் படித்தவர்களே பிரிந்து நிற்கிறார்கள். அங்கே வரும்போது அதையும் சொல்லிவிடுகிறேன்.

மகளின் பாடத்தில் உள்ள மருந்து 1929க்குப் பிந்திய பெருமந்தத்தைப் பார்த்து எழுதப்பட்டது. தொழிற்சாலை அப்படியே நிற்கிறது, வேலைக்கு ஆள் இருக்கிறது, கடையில் சாமான் குவிந்து கிடக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. ஒருவர் செலவு இன்னொருவர் வருமானம். எல்லோரும் பயந்து கையை இறுக்கினால் எல்லோர் வருமானமும் விழுகிறது. அந்த நேரத்தில் அரசாங்கம் கடன்பட்டாவது செலவழித்தால் நின்ற வியாபாரம் திரும்ப நடக்கத் தொடங்கும். பொருளியலாளர் கெயின்ஸ் சொன்னதன் சாரம் இதுதான். 2008இல் அமெரிக்க வங்கிகள் ஆட்டம் கண்டபோது இதைத்தான் செய்தார்கள். அங்கத்தைய மத்திய வங்கி வட்டியைப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. 2009 பெப்ரவரியில் 787 பில்லியன் டொலர் ஊக்கத் திட்டத்தைச் சட்டமாக்கினார்கள்.

இப்போது 2022 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். வாங்க ஆளில்லாமலா இருந்தது? கையில் காசோடு சனம் பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாக நின்றது, எண்ணெய் இல்லை. காஸ் இல்லை, பால்மா இல்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. யுத்த காலத்துத் தட்டுப்பாடு நம் பக்கத்துச் சனத்துக்குப் புதிதல்ல. ஆனால் அப்போது சாமான் கொழும்பில் இருந்தது, இங்கே வர விடவில்லை. 2022இல் கொழும்பிலும் இல்லை. காரணம், சாமானைக் கொண்டுவரும் டொலர் நாட்டில் தீர்ந்துபோயிருந்தது. ரூபா வேண்டுமானால் அச்சடிக்கலாம். டொலரை அச்சடிக்க அமெரிக்காவால்தான் முடியும். அதனால்தான் 2009இல் அவர்கள் பயமில்லாமல் செலவழித்தார்கள். கடனும் அவர்கள் சொந்த நாணயத்தில், உலகமும் அதே நாணயத்தைத் தேடி ஓடுகிறது.

2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். சாதாரண காய்ச்சலுக்கு எடுக்கும் டிஸ்பிரினை டெங்குக் காய்ச்சலுக்கு எடுக்காதே என்று டொக்டர்மார் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இரண்டுக்கும் உடம்பு சுடும், ஆனால் இரண்டாவதில் அந்தக் குளிசை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாடமும் அப்படித்தான். மருந்து பிழையில்லை, வேறு காய்ச்சலுக்கு எழுதப்பட்டது. இதில் வேடிக்கை, அந்தக் குளிசையை இலங்கை எடுக்காமலும் இல்லை. 2019 கடைசியில் எடுத்தது. சரிவின் கதை அங்கேதான் வேகம் பிடிக்கிறது.

அதற்கு முன் டொலர் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம், ஏனென்றால் இது தெரியாமல் மற்றது விளங்காது. 2018இல் நாம் இறக்கிய சாமானுக்கும் ஏற்றிய சாமானுக்கும் இடையில் 10.3 பில்லியன் டொலர் பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்பியது இரண்டு வருமானம்: வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பியது ஏறக்குறைய 7 பில்லியன், உல்லாசப் பயணிகள் விட்டுப்போனது ஏறக்குறைய 4.4 பில்லியன். கூட்டினால் சற்று மிச்சம். அந்த மிச்சமும் பழைய கடனின் தவணைக்குக் காணாது. அதற்கு ஒவ்வொரு வருடமும் புதுக் கடன் எடுத்தோம். 2021க்கு வாருங்கள். பள்ளம் 8.1 பில்லியன். வெளிநாட்டுக் காசு 5.5 பில்லியன், உல்லாசத்துறை அரை பில்லியன். நிலாவெளியில் ரூம் போட்டு நடத்துபவர்களுக்கு அந்த அரை பில்லியன் எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. 2018இல் நாட்டுக்கு வந்த பயணிகள் 23 இலட்சத்துக்கு மேல், 2021இல் 2 இலட்சம்கூட இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு ஓர் அடி, கொரோனா பெரிய அடி. ஆக இரண்டு பில்லியன் துண்டு விழுகிறது, அதற்கு மேல் கடன் தவணை வேறு. புதுக் கடன் கொடுக்கவும் ஆளில்லை.

ஏன் ஆளில்லை? 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானதும் வரிகளை ஒரேயடியாக வெட்டினார்கள். வற் எனும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8க்கு இறங்கியது. வற்றுக்குப் பதிய வேண்டிய வியாபார எல்லை வருடத்துக்கு 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனுக்கு ஏறியது. நம் நகரத்தின் கடைகளில் பெரும்பாலானவை அந்த வலைக்கு வெளியே போயின. சம்பளத்தில் வெட்டும் வரியும், தேச நிர்மாண வரியும் எடுக்கப்பட்டன. அந்த நேரம் எல்லோருக்கும் சந்தோசம்தான். அரசாங்கத்தின் வருமானம் 2019இல் மொத்த உற்பத்தியில் 12.6 சதவீதம், அதுவே உலகத்தில் குறைந்த அளவுகளில் ஒன்று. அடுத்த வருடம் அது 9 சதவீதத்தின் பக்கம் வந்தது. கடன் தரும் ஆட்கள் பார்ப்பது, இவன் திருப்பித் தருவானா என்பதைத்தான். 2020இலேயே தரப்படுத்தும் கம்பனிகள் இலங்கையைக் கீழே தள்ளின, சர்வதேசச் சந்தையில் பிணைமுறி, அதாவது கடன்பத்திரம், விற்கும் கதவு மூடியது. கொரோனா மட்டும் வந்திருந்தால் மற்ற நாடுகளைப் போல அடிபட்டு எழும்பியிருக்கலாம். வருமானத்தைத் தானாக வெட்டிக்கொண்ட சில மாதங்களில் கொரோனா வந்ததுதான் வினை.

கடன் கிடைக்காவிட்டாலும் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்க வேண்டும். மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை, அதாவது அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன்பத்திரங்களை, வாங்கி ரூபாவை உருவாக்கியது. அதன் கையில் இருந்த அரச கடன்பத்திரங்களின் பெறுமதி 2021 முடியும்போது ஒரு டிரில்லியன் ரூபாவை நன்றாகத் தாண்டியிருந்தது. வட்டியையும் தாழ்த்தி வைத்தார்கள். செலவைக் கூட்டு, வட்டியை இறக்கு என்ற பாடத்தின் மிச்சப் பாதி. அந்த ரூபா எங்கே போகும்? நம் நாட்டில் ஒருவர் செலவழிக்கும் நூறு ரூபாவில் ஒரு பங்கு எப்படியும் கப்பலில் வந்த சாமானுக்குத்தான் போகிறது. உங்கள் கடையையே பாருங்கள்: பருப்பு, சீனி, பால்மா, ரின்மீன். பாண் நம் ஊர்ச் சாமான் மாதிரித் தெரியும். சீனக்குடா மாவு ஆலை 1980இலிருந்து இங்கே இயங்குகிறது, ஆனால் அரைக்கிற கோதுமை கப்பலில் வருகிறது. ரூபா பெருகப் பெருக டொலருக்கான தேவை பெருகியது, டொலரோ குறைந்துகொண்டிருந்தது. வாகன இறக்குமதியை 2020இலேயே நிறுத்தியிருந்தார்கள், அதுவும் போதவில்லை.

இனி என் மேசையில் நான் கண்டது. டொலர் தட்டுப்பாடாகும்போது அதன் விலை ஏற வேண்டும். சாமான் தட்டுப்பாடானால் விலை ஏறுவது போலத்தான். ஏறவிடவில்லை. 2021 செப்டெம்பரிலிருந்து ஒரு டொலர் 200, 203 ரூபாவுக்குள் பிடித்து வைக்கப்பட்டது. வெளியே உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் காசு கைமாற்றும் ஆட்களிடம், 240க்கு மேல் போனது. கட்டாரில் இருக்கும் பிள்ளை 500 டொலர் பெறுமதி அனுப்புகிறான் என்று வையுங்கள். வங்கியால் அனுப்பினால் வீட்டுக்கு 1,01,500 ரூபா. உண்டியலில் 1,20,000. டிசம்பரில் டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை தருகிறோம் என்று மத்திய வங்கி சொன்னது, அப்போதும் 1,06,500தான். பதின்மூவாயிரத்துக்கு மேல் நட்டப்பட்டு நாட்டுப்பற்றைக் காட்டு என்று மூதூரில் இருக்கும் ஒரு தாயிடம் யார் சொல்வது? வெளிநாட்டுக் காசு 2020இல் 7.1 பில்லியன், 2021இல் 5.5, 2022இல் 3.8. அந்த 2022இல்தான் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கு வெளிநாடு போனார்கள். ஆள் கூடப் போகிறது, காசு குறைகிறது என்றால் உழைப்பு நின்றுவிடவில்லை. காசு வேறு வழியால் வருகிறது. உண்டியலில் ரூபா வீட்டுக்கு வந்துவிடும், டொலர் மட்டும் அங்கேயே நின்றுவிடும். நாட்டுக்குத் தேவைப்பட்டது அந்த டொலர்.

எல்சி பக்கத்திலும் இதே கதை. 2021 செப்டெம்பரில் 600க்கு மேற்பட்ட வகைச் சாமான்களுக்கு முழுக் காசையும் முன்கூட்டியே வங்கியில் கட்டு என்று உத்தரவு வந்தது. கட்டத் தயாரான வியாபாரியும் வருவார். ரூபா இருக்கும், கொடுக்க எங்களிடம் டொலர் இருக்காது. அவர் கெட்டிக்காரராக இருந்தால் அடுத்த மாதமும் வருவார், அதைவிடக் கெட்டிக்காரர் உண்டியல்காரனிடம் டொலர் எடுத்துச் சாமானை இறக்கி அதற்கேற்ற விலை போட்டார். 203 என்பது பலகையில் எழுதிய விலையாக மட்டும் இருந்தது. என்னைக் கேட்டால், 2022 சரிவை இவ்வளவு ஆழமாக்கியவற்றில் வரிவெட்டுக்கு அடுத்த இடம் இந்தப் பிடிவாதத்துக்குத்தான். 2019 முடிவில் 7.6 பில்லியனாக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2021 முடிவில் 3.1 பில்லியன், அதிலும் 1.5 பில்லியன் சீன மத்திய வங்கியோடு செய்த நாணயப் பரிமாற்றம், எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க முடியாதது.

உரத்தைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுவார்கள், கந்தளாய்ப் பக்கம் போனால் வேறு பேச்சே இருக்காது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து வர்த்தமானி வந்தது. டொலரை மிச்சம்பிடிப்பதும் ஒரு நோக்கம் என்றே பரவலாகக் கருதப்படுகிறது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது, யூரியா இல்லை. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அளவில் விழுந்தது. உரத்துக்குப் போகாத டொலர் அரிசி இறக்கப் போனது, தேயிலையில் வர வேண்டிய டொலரும் குறைந்தது. தம்பலகாமம் வயற்காரருக்கு இது பேரழிவு. ஆனால் நாட்டின் டொலர் கணக்கில் இதன் பங்கு எவ்வளவு என்பதில் அபிப்பிராயங்கள் வேறுபடுகின்றன. உரத்தடை இல்லாவிட்டாலும் 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றிருக்கும் என்பதே என் கணிப்பு; சாப்பாட்டு விலை மட்டும் இவ்வளவு ஏறியிருக்காது.

சீனக் கடன்தான் விழுத்தியது என்ற கதை இந்தியத் தொலைக்காட்சி பார்க்கிற வீடுகளில் அதிகம். வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பங்கு சர்வதேசப் பிணைமுறிகள். 2007இல் 500 மில்லியன் டொலரோடு தொடங்கியது, பிறகு 12 பில்லியனைத் தாண்டியது. வட்டி கூட, தவணை ஒரே நாளில் மொத்தமாக வந்து நிற்கும், பேச ஒரு அரசாங்கம் கிடையாது, முதலீட்டு நிதியங்கள்தான். சீனாவிடம் பட்டதும் சிறு தொகை இல்லை. அம்பாந்தோட்டையில் கட்டிய துறைமுகமும் விமானநிலையமும் தம் கடனைக் கட்டுமளவுக்கு டொலர் உழைக்கவில்லை. இருந்தாலும் 2022இல் கழுத்தை நெரித்த கயிறு பிணைமுறி. களவைப் பற்றி: நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழுக்க முழுக்க நேர்மையான மந்திரிசபையும் இதே வரிவெட்டையும் இதே 203ஐயும் வைத்திருந்தால் இதே இடத்தில்தான் வந்து நின்றிருக்கும். சட்டம் என்ன சொன்னது என்று மகள் கேட்டால், 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ஷமாரும் முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவார்ட் கப்ரால், டபிள்யூ. டி. லக்ஷ்மன் உள்ளிட்டோரும் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்த்தது.

2022 ஜனவரி 18இல் 500 மில்லியன் டொலர் பிணைமுறி ஒன்றைக் கட்டி முடித்தார்கள். பெற்றோலுக்கும் மருந்துக்கும் காசில்லாத நேரத்தில் அதைக் கட்டியிருக்கக் கூடாது என்பவர்கள் பலர். அப்போதே கடன் கட்டுவதை நிறுத்திவிட்டு சர்வதேச நாணய நிதியத்திடம் போயிருந்தால் வரிசைகள் இவ்வளவு நீண்டிருக்காது என்பது அவர்கள் வாதம். கட்டாமல் விட்டிருந்தால் வங்கிகளின் எல்சியை வெளிநாட்டில் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள் என்பது மறுபக்கம். எல்சி மேசையில் இருந்தவன் என்பதால் அந்தப் பயம் எனக்கும் விளங்கும். ஆனால் மூன்று மாதத்தில் எப்படியும் நிறுத்தத்தான் வேண்டி வந்தது, இடையில் இருந்த டொலரும் போய்விட்டது. கட்டியிருக்கக் கூடாது என்பவர்களோடுதான் நான்.

மார்ச் 7இல் 203ஐக் கைவிட்டார்கள். மே மாதத்தில் டொலர் 360இன் பக்கம். படிப்படியாக விட்டிருந்தால் மெல்ல இறங்கியிருக்கும், அடைத்து வைத்துத் திறந்ததால் ஒரேயடியாகப் பாய்ந்தது. ஏப்ரல் 7இல் நந்தலால் வீரசிங்க ஆளுநராக வந்தார், மறுநாளே வட்டி வீதத்தை 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றினார். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். மே 10இல் மகிந்த ராஜபக்ஷ நம் ஊர்க் கடற்படை முகாமுக்கு வந்து சேர்ந்ததும், வாசலில் சனம் கூடியதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஜூலை நடுவில் கோட்டாபய நாட்டைவிட்டுப் போனார். ஜூன் கடைசியில் எண்ணெய் அத்தியாவசிய சேவைக்கு மட்டும் என்று ஆனபோது பொதுசனத்துக்கு விற்றது சீனக்குடாவில் களஞ்சியம் வைத்திருக்கும் இந்தியக் கம்பனிதான். "எங்கட ஊரில 99 தாங்கி இருக்கு, எங்களுக்கு ஏன் எண்ணெய் இல்ல?" என்று அப்போது கேட்காதவர் இல்லை. வெள்ளைக்காரன் கட்டிய தாங்கிகள் எண்ணெய் வைக்கிற பாத்திரம். நிரப்ப டொலர் வேண்டும். அந்த வருடம் இந்தியா கடனாகவும் தவணை நீடிப்பாகவும் தந்த 4 பில்லியன் அளவு உதவி இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும். இதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

இனி மகளின் கேள்விக்கு நேராக வருகிறேன். டொலர் தீர்ந்த சரிவில் வட்டியை ஏன் ஏற்றினார்கள்? ரூபாவைக் கையில் வைத்திருக்க ஒரு காரணம் கொடுக்க. 70 சதவீதம் விலை ஏறும் நாட்டில் வங்கியில் 6 சதவீத வட்டி என்றால், காசுள்ளவன் டொலரோ பவுணோ சாமானோ வாங்கிப் பதுக்குவான். வரியை ஏன் கூட்டினார்கள்? காசு அச்சடிப்பதை நிறுத்த வேறு வழியில்லை. வற் 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 ஆனது. கரண்ட் பில் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. மின்சார சபையின் நட்டம் கடைசியில் அரச வங்கிகளின் கடனாக வந்து நிற்பதுதான் காரணம். 2023 மார்ச் 20இல் நாணய நிதியம் நாலு வருடத்துக்கு 3 பில்லியன் டொலர் தர ஒப்புக்கொண்டது. அந்தத் தொகை நம் இரண்டு மாத இறக்குமதி அளவுதான். அதன் பெறுமதி வேறு: இந்தக் கணக்கை நாங்கள் பார்த்தோம் என்று நிதியம் சொன்ன பிறகுதான் மற்றக் கடன்காரர்கள் பேச வந்தார்கள். ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமையிலான நாடுகளோடு 2024 ஜூனில் உடன்பாடு, பிணைமுறிக்காரரோடு டிசம்பரில்.

மருந்து பொருந்தியதா? டொலர் பக்கத்தில் ஆம், சந்தேகமில்லை. வெளிநாட்டுக் காசு 2023இல் 6 பில்லியன் அளவுக்குத் திரும்பியது, 2024இல் 6.5ஐத் தாண்டியது. வங்கி விலையும் வெளி விலையும் ஒன்றானதும் தாய்மார் வங்கிக்குத் திரும்பி வந்தார்கள். எந்தப் பிரசாரமும் தேவைப்படவில்லை. விலை என்னவென்றால், பொருளாதாரம் 2022இல் 7 சதவீதத்துக்கு மேலும், 2023இல் இன்னும் 2 சதவீதத்துக்கு மேலும் சுருங்கியது. வட்டியை அவ்வளவு உயரத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமா என்பதில்தான் பொருளியலாளர்கள் முட்டிக்கொள்கிறார்கள். கடன் எடுத்துத் தொழில் செய்த சிறு ஆட்கள் அந்த வட்டியில் விழுந்ததை வங்கிக்குள்ளிருந்து பார்த்தவன் நான். ஆனால் இரண்டு புள்ளி குறைத்திருந்தால் தப்பியிருப்பார்களா என்பதற்குக் கணக்குக் காட்ட என்னால் முடியாது.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. மருந்து சரி என்பதும் அதை யார் குடித்தார்கள் என்பதும் இரண்டு விஷயம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. நம் கரையில் சின்ன வள்ளத்துக்கு இயந்திரம் பூட்டித் தொழிலுக்குப் போகிறவர்கள் ஓட்டுவது மண்ணெண்ணெயில். மானியம் பிழையான இடத்துக்குக் கசிந்தது உண்மை, எடுக்க வேண்டியதும் உண்மை; அதற்கு ஈடாகக் கடற்றொழிலாளிக்கு ஒன்றை முதலில் கொடுத்துவிட்டு எடுத்திருக்கலாம். சமுர்த்திக்குப் பதிலான அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியதே 2023 ஜூலையில். உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது பெரிய சுமை விழுந்தது ஊழியர் சேமலாப நிதியின் மேல்: பழைய முறிகளைக் கொடுத்து, முதலில் 12 சதவீதமும் பிறகு 9 சதவீதமும் தரும் புதியவற்றை வாங்கு, இல்லாவிட்டால் வருமான வரி 14இலிருந்து 30 என்றார்கள். உழைத்தவன் முதுமைக் காசு அது. தனியார் வங்கிகளின் கையில் இருந்த முறிகளைத் தொடவில்லை. தொட்டால் வங்கிகள் ஆடும், வைப்பாளர் ஓடுவார்கள் என்றார்கள். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் 2020, 21இல் வரிச் சலுகையில் இலாபம் எடுத்த பெரிய ஆட்களிடம் ஒருமுறை வரியாவது வாங்கியிருக்கலாம். இது கணக்கு இல்லை, என் அபிப்பிராயம்.

விலைக் கதை சுருக்கமானது. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம், விலை அல்ல. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு விற்ற சாமான்களின் கூடை, 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம் ஏறி ஏறக்குறைய 170 ஆனது. அடுத்த செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம், கூடை 172. அதற்கடுத்த செப்டெம்பரில் சைபருக்குக் கீழே அரை சதவீதம், கூடை 171. செய்தியில் 70 போய் 1 வந்தது, உங்கள் கடையில் 170 அப்படியே நின்றது. டொலர் 360இலிருந்து 300இன் பக்கம் வந்ததால் சிலது இறங்கியது, பழைய 200க்கு அது திரும்பாத வரையில் பழைய விலையும் திரும்பாது. திரும்ப வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை; செயற்கையாக 200இல் பிடித்து வைத்ததன் பலனைப் பார்த்தாயிற்று. இறங்கியிருக்க வேண்டியது விலை இல்லை, ஏறியிருக்க வேண்டியது வருமானம். அதுதான் பெரும்பாலானோருக்கு நடக்கவில்லை. உலக வங்கியின் கணிப்பில் வறுமையில் இருப்போர் 2019இல் 11 சதவீதம், 2022இல் 25.

திரும்பவும் வருமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். மத்திய வங்கி நேரடியாக அரசாங்கத்துக்குக் காசு அச்சடிப்பதை 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது, ஆகவே அதே வழியால் வருவது கடினம். ஆனால் நிறுத்தி வைத்த கடன்களின் பெரிய தவணைகள் 2028இலிருந்து திரும்பத் தொடங்குகின்றன, வாகன இறக்குமதியும் 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது. மகளுக்கு ஒரு கணக்குக் கொடுங்கள். மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் கையிருப்பையும் மாத இறக்குமதியையும் ஒழுங்காகப் போடுகிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், வெளியே இருந்து ஒரு டொலரும் வராவிட்டால் எத்தனை மாதம் தாங்கும் என்று வரும். மூன்றுக்குக் குறைந்தால் பயம் என்பது வங்கிக்காரர் வழக்கம். 2021 முடிவில் விடை இரண்டுக்கும் கீழே. 2024 முடிவில் 6.1 பில்லியன் கையிருப்போடு ஏறக்குறைய நாலு. அதிலும் சீனப் பரிமாற்றத்தைக் கழித்துவிட்டு அவள் இன்னொருமுறை வகுத்துப் பார்க்கட்டும்.